14 கருவிகள், ஒரு ரூட்டர், ஒரு முகூர்த்தப் பட்டு!

பெரிய காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் இருக்கிறது எங்கள் பெரியப்பா வீடு. வாசலை ஒட்டிய அறையில் தறி. அடுத்து கூடம், முற்றம், அப்புறம் புடவைகள் அடுக்கிய அறை, கடைசியில் சமையலறை. ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. சுவர் ஒவ்வொன்றும் முக்கால் முழம் தடிமன் இருக்கும்.

நெய்வது பெரியப்பாவும் அண்ணனும். வீடியோ காலில் புடவை காட்டி விற்பது அண்ணி. போன மாதம் ஒரு கல்யாண வீட்டார் முகூர்த்தப் பட்டு பார்க்க அழைத்திருந்தார்கள். அண்ணி முந்தியை விரித்துக் காட்டும்போது படம் அப்படியே நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது அரக்கு நிறம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. மூன்றாவது முறை கட் ஆனதும், "நாங்க அப்புறம் கூப்பிடறோம்" என்றார்கள். கூப்பிடவில்லை.

"நீ சொன்ன பெட்டியைத்தானே வாங்கி மாட்டினோம்?" என்று அண்ணி கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. ஏனென்றால், புடவை அறையில் ரிப்பீட்டர் மாட்டச் சொன்னது நான்தான். டெக் செய்தி எழுதுகிற பெண் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

முதலில் எண்ணுங்கள்

உட்கார்ந்து ஒரு கணக்கு எடுத்தோம். கீழே நான்கு பேரின் போன்கள், வியாபாரத்துக்குத் தனியாக ஒரு போன், டிவி, லேப்டாப், பிள்ளைகளின் டேப்லெட், இரண்டு சிசிடிவி கேமராக்கள். மாடியில் சித்தப்பா குடும்பத்தின் மூன்று போன்களும் ஒரு லேப்டாப்பும். மொத்தம் 14. "நாலஞ்சு இருக்கும்" என்றுதான் பெரியப்பா அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்து அளந்து பாருங்கள்

அண்ணன் 100 எம்.பி.பி.எஸ். திட்டத்தை விட்டுவிட்டு 300-க்கு மாறலாம் என்று இருந்தார். "அது டாக்டர் படிப்பாச்சே?" என்றார் பெரியம்மா. வேகத்தின் அளவு அது என்று விளக்கிவிட்டு, போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டேன். வாசல் அறையில் ரூட்டருக்குப் பக்கத்தில் 94. கூடத்தில் 40. புடவை அறையில் வெறும் 5.

வீட்டுக்கு வரும் இன்டர்நெட்டில் குறையே இல்லை. வீட்டுக்குள் அது போய்ச் சேரவில்லை. 300 திட்டத்துக்கு மாறியிருந்தாலும், மாதா மாதம் கூடுதல் பணம் கட்டிக்கொண்டு புடவை அறையில் இதே பாடுதான் பட்டிருப்போம். உங்கள் வீட்டிலும் ரூட்டர் பக்கத்தில் ஒருமுறை, கடைசி அறையில் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டு இடத்திலும் குறைவு என்றால் திட்டத்தையோ இணைப்பையோ கவனிக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் குறைவு என்றால் சிக்கல் வைஃபையில்.

சுவரும் பீரோவும்

ரூட்டர் இரண்டு அலைவரிசைகளில் பேசும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் வேகம் குறைவு. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் மூன்றுதான். அக்கம்பக்கத்து ரூட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் நெரிகின்றன. 5 ஜிகாஹெர்ட்ஸில் இடமும் வேகமும் அதிகம். 2018 அக்டோபரில் மத்திய அரசு அதில் இன்னும் அதிக இடத்தை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. ஆனால் தடித்த சுவர் இரண்டு வந்தால் அது சோர்ந்துவிடும். எங்கள் வீட்டில் சுவர்களோடு இரண்டு இரும்பு பீரோக்களும் சேர்ந்துகொண்டன. உலோகத்தைத் தாண்டி வைஃபை போகாது.

என் ரிப்பீட்டர் ஏன் தோற்றது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அது தன் காதில் விழுவதைத்தான் திரும்பச் சொல்லும். சிக்னலே வராத அறையில் மாட்டினால் எதைச் சொல்லும்? போதாததற்கு, ஒரே அலைவரிசையில் கேட்டுவிட்டு அதிலேயே திரும்பச் சொல்வதால் வேகம் பாதிக்குப் பாதி போய்விடும்.

என்ன வாங்கினோம்?

கடையில் ஆறு ஆன்டெனா வைத்த ரூட்டரைத்தான் முதலில் காட்டினார்கள். ஆன்டெனாவை எண்ணி வாங்காதீர்கள். நாங்கள் பார்த்தவை இவை:

• வைஃபை 6: வேகத்தைவிட, நிறைய கருவிகளைச் சமாளிப்பதுதான் இதன் பலம். பழைய ரூட்டர் ஒரு பயணிக்கு ஒரு ஆட்டோ அனுப்பும். இது ஷேர் ஆட்டோ மாதிரி, பல கருவிகளின் சின்னச் சின்னத் தகவல்களை ஒரே நடையில் ஏற்றிப்போகும். பழைய போன்களும் இதில் வேலை செய்யும். ஆனால் ஷேர் ஆட்டோ வசதி வைஃபை 6 உள்ள போன்களுக்கு மட்டும்தான்.

• கிகாபிட் போர்ட்: பல மலிவு ரூட்டர்களில் போர்ட் 100 எம்.பி.பி.எஸ். வரைதான் தாங்கும். நாளைக்கு 300 திட்டம் போட்டாலும் 100-ஐத் தாண்டாது. பெட்டியில் 'கிகாபிட்' என்று இருக்கிறதா பாருங்கள்.

• பெட்டி மேல் உள்ள எண்: 'ஏ.சி 1200' என்பது இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டிப் போட்ட எண். ஒரு போனுக்கு அது முழுதாகக் கிடைக்காது.

• ஆக்சஸ் பாயின்ட் வசதி: ஏற்கெனவே இருக்கும் ரூட்டரோடு கேபிளில் இணைந்து வேலை செய்ய இது வேண்டும்.

உண்மையில் வீட்டைக் காப்பாற்றியது ரூட்டரைவிட ஒரு கேபிள்தான். வாசல் அறையிலிருந்து உத்தரத்தை ஒட்டியே 20 மீட்டர் கேட் 6 கேபிள் இழுத்தோம். இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை சளைக்காது. புது ரூட்டரை முற்றத்தை ஒட்டி, புடவை அறை வாசலுக்கு மேல் உயரத்தில் மாட்டினோம். பீரோக்களைத் தள்ளி வைத்தோம். இரண்டு ரூட்டருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. கூடத்து டிவிக்கும் கேபிளையே கொடுத்துவிட்டதால் சீரியல் நேரத்தில் வைஃபைக்குப் பாரம் குறைந்தது. கேபிள் இழுக்க வழியில்லாத வீடுகளுக்கு மெஷ் ரூட்டர் இருக்கிறது. அதன் இரண்டாவது பெட்டியைச் சிக்னல் செத்த அறையில் வைக்காமல், பாதி வழியில் வையுங்கள். நான் செய்த தப்பு உங்களுக்கு வேண்டாம்.

இன்னும் இரண்டு வேலைகள். வீட்டுக்கே வந்து புடவை பார்ப்பவர்கள் வைஃபை கேட்பார்கள். அவர்களுக்கு 'கெஸ்ட் நெட்வொர்க்' தனியாகப் போட்டோம், கேமராவும் லேப்டாப்பும் இருக்கும் இணைப்புக்குள் வெளியாள் வர வேண்டாமே. ரூட்டரோடு வந்த அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றினோம். கரன்ட் போனால் பேச்சு அறுந்துவிடக் கூடாது என்று இரண்டு பெட்டிக்கும் மினி யுபிஎஸ் வைத்தோம். வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சாயங்காலம் புடவை அறையில் திரும்ப அளந்தேன். 88.

அந்தக் கல்யாண வீட்டாருக்கு அண்ணியே போன் போட்டார். அவர்கள் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்களாம். "பரவாயில்லைங்க, அடுத்த விசேஷத்துக்குச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "விடு, சாப்பிட வா" என்றார். அந்தப் புடவை பல நாள் உழைப்பு. இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.

போன வியாழக்கிழமை அண்ணியிடமிருந்து ஒரு வீடியோ கால். புடவை அறையிலிருந்துதான். ஒன்றும் பேசாமல் முந்தியை மெதுவாக நகர்த்தி நகர்த்திக் காட்டினார். ஜரிகை இழை இழையாகத் தெரிந்தது. "தெரியுதா?" என்றார்.

"தெரியுது அண்ணி!"

"அப்ப சரி, வை. அஞ்சு மணிக்கு ஒரு பார்ட்டி வராங்க."