மருந்தடிக்கிற கைக்கு எட்டாத பயிற்சி

பூச்சிமருந்தைக் கையாளும் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி ஏற்பாடு செய்வது, அதைத் தயாரிப்பவர்களும் விநியோகிப்பவர்களும் செய்ய வேண்டிய கடமை என்று இந்தியாவின் பூச்சிக்கொல்லி விதிகள் 1971-லேயே சொல்லிவிட்டன. நடப்பில் பயிற்சி முகாமுக்கு வந்து உட்காருபவர் பெரும்பாலும் நிலத்துக்காரர்தான். டேங்கை முதுகில் சுமந்து வயலில் இறங்குபவரோ நாள்கூலிக்கு வந்தவர்.

வழக்கமாகப் பயிற்சி தொடங்குவது லேபிளில் உள்ள நிற முக்கோணத்திலிருந்து. சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு; மஞ்சள், நீலம், பச்சை என்று வரிசையாக வீரியம் குறையும். படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் புரியும். ஆனால் நிறம் சொல்வது உடனடி நச்சுத்தன்மையை மட்டுமே. பல வருடம் அடித்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்பதை அது சொல்லாது.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது தோலைப் பற்றிப் பேசத்தான். மருந்தடிப்பவரின் உடம்புக்குள் நஞ்சு மூச்சு வழியாகப் போவதைவிடத் தோல் வழியாகப் போவதே அதிகம். தண்ணீர் கலக்காத மருந்தை அளந்து ஊற்றும் சில நிமிடங்கள் மிக ஆபத்தானவை. அப்போதாவது கிழியாத ரப்பர் கையுறை கட்டாயம் வேண்டும். டேங்க் கசிந்தால் முதுகும் இடுப்பும் நனையும். தொடையிடுக்கின் தோல் முன்கையைவிடப் பல மடங்கு நஞ்சை உறிஞ்சக்கூடியது. முகத்தில் கட்டிய துண்டு ஈரமாகிவிட்டால், அதுவே மருந்தை மூக்கருகில் தாங்கி நிற்கும். அடைத்த நாசிலை வாயால் ஊதுவதும், மருந்துக் கையோடு பீடி பற்றவைப்பதும் அன்றாடம் நடப்பவை. உடுப்பைத் தனியாகத் துவைக்க வேண்டும் என்பதைத் துவைக்கிற வீட்டுப் பெண்களிடமும் சொல்லியாக வேண்டும்.

தலை முதல் கால் வரை மூடும் உடுப்பைக் கோடை வெயிலில் போட்டுக்கொண்டு யாராலும் வேலை செய்ய முடியாது. அதைப் பரிந்துரைப்பதோடு கடமை முடிந்ததென நினைக்கும் கையேடுகளுக்குக் குறைவில்லை. வீரியம் குறைந்த மருந்தைத் தேர்வது, டேங்கைப் பழுது பார்ப்பது, காற்றடங்கிய காலை வேளையில் அடிப்பது ஆகியவை அதைவிடப் பலன் தரும். இவற்றை முடிவு செய்பவர் நிலத்துக்காரர் என்பதால், அவருக்கான பாடமும் இதுவே.

மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் 2017-இல் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தனர். அவர்களில் கூலிக்கு அடித்தவர்களும் இருந்தனர். அந்த ஆண்டு செடி ஆளுயரம் வளர்ந்திருந்ததால், மேல்நோக்கி அடித்த மருந்து அடித்தவர் மேலேயே விழுந்தது. பல மருந்துகளை ஒன்றாகக் கலந்து அடித்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

வியர்வை கொட்டுவது, எச்சில் ஊறுவது, பார்வை மங்குவது, தசை துடிப்பது ஆகியவை மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகளின் நச்சு அறிகுறிகள். வெயில் மயக்கம் என்று நினைத்து நிழலில் படுக்க வைத்துவிட்டால் நேரம் வீணாகும். உடுப்பைக் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இவ்வகை நஞ்சுக்கு முறிமருந்தாக அட்ரோபின் தரப்படும். எல்லாப் பூச்சிமருந்துக்கும் அது பொருந்தாது. எனவே மருந்துப் புட்டியையும் எடுத்துச் செல்ல வேண்டும். கலந்தது நிலத்துக்காரர் என்றால், என்னென்ன கலந்தார் என்பதை வேலை தொடங்கும் முன்பே கூலியாளிடம் சொல்லிவிட வேண்டும்.