குழந்தைக்கு மட்டும் தனித் தட்டு வேண்டாம்

பத்து வயதுப் பிள்ளைக்கு எடை கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னதும் பல வீடுகளில் நடப்பது இதுதான். இரவில் அவனுக்கு மட்டும் இரண்டு சப்பாத்தி. அவனுக்கு மட்டும் ஐஸ்கிரீம் கிடையாது. எதிரே அமர்ந்து மற்றவர்கள் வழக்கம்போல் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிடுவார்கள். சில வாரங்களில் பிள்ளை ஒளித்துத் தின்னத் தொடங்குவான். ‘சொல்பேச்சு கேட்பதில்லை’ என்ற பழியும் அவன்மேல் விழும். இந்த வழி பயன் தராது. பிள்ளையின் மனத்தையும் புண்ணாக்கும். எடை கூடிய குழந்தைக்குத் தனிப் பத்தியம் போடுவதை விட்டுவிட்டு, வீடு முழுவதும் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குக் கைகொடுப்பதை அரசு தன் கடமையாக ஏற்க வேண்டும்.

2024-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான உலகளாவிய ஆய்வின்படி, 1990-இல் இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் உடல் பருமன் கொண்டவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர். 2022-இல் அது 1.25 கோடி. ‘எங்கள் பரம்பரை உடம்புவாகே இப்படித்தான்’ என்று சொல்லும் குடும்பங்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். 32 ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணு மாறிவிடாது. மாறியவை நம் அடுப்படியும் நம் பிள்ளைகளின் மாலை நேரமும்தான்.

சென்னைப் பள்ளிகளில் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், தனியார் பள்ளி மாணவர்களில் 21.4 சதவீதத்தினரும் அரசுப் பள்ளி மாணவர்களில் 3.6 சதவீதத்தினரும் அதிக எடையோ பருமனோ கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியைக் காட்டி இது வசதி படைத்தவர்களின் கவலை என்று ஒதுங்கிவிட முடியாது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலங்கள் சரம்சரமாகத் தொங்காத பெட்டிக்கடையை இன்று கிராமத்திலும் காண்பது அரிது. பெரியவர்களின் நிலையையும் பார்க்க வேண்டும். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடையோ பருமனோ கொண்டவர்கள். அப்பாவும் அம்மாவும் இப்படியிருக்கும் வீட்டில் பிள்ளையை மட்டும் தராசில் ஏற்றிக் கண்டிப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

குடும்பத்தோடு சேர்த்துச் சிகிச்சை தருவது புதிய யோசனை அன்று. அமெரிக்காவில் லியோனார்ட் எப்ஸ்டீன் குழுவினர் 6 முதல் 12 வயதுக் குழந்தைகளை மூன்று பிரிவாக்கி, எல்லோருக்கும் ஒரே மாதிரியான உணவு, உடற்பயிற்சி அறிவுரைகளையே தந்தார்கள். ஒரு பிரிவில் மட்டும் பிள்ளை, பெற்றோர் இருவரின் மாற்றமும் சேர்த்து ஊக்குவிக்கப்பட்டது. பத்தாண்டு முடிவுகள் 1990-இல் வெளியாயின. பெற்றோரும் சேர்ந்து மாறிய பிரிவில் குழந்தைகளின் மிகை எடை விகிதம் 7.5 சதவீதம் குறைந்திருந்தது. பிள்ளையை மட்டும் ஊக்குவித்த பிரிவில் 4.5 சதவீதம் கூடியிருந்தது. இஸ்ரேலில் மோரியா கோலான் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு பிரிவில் குழந்தைகளை அழைக்கவே இல்லை. பெற்றோருக்கு மட்டும் பயிற்சி தந்தார். ஏழாண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது, நேரடியாகப் பயிற்சி பெற்ற குழந்தைகளைவிட, பெற்றோர் மட்டும் பயிற்சி பெற்ற வீட்டுக் குழந்தைகளிடமே கூடுதல் பலன் தெரிந்தது.

காரணம் எளியது. எண்ணெய்ச் சட்டி வீட்டுக்கு ஒன்றுதான். பிள்ளைக்கென்று அதில் தனியாகத் தாளிக்க முடியாது. மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறோம், தட்டில் சோறு எவ்வளவு, பொரியலும் கீரையும் எவ்வளவு, மாலையில் சுண்டலா பஃப்ஸா, டப்பாவில் வாங்கும் சத்துமாவுப் பானத்தில் சர்க்கரை எத்தனை கரண்டி என்பதையெல்லாம் பிள்ளை தீர்மானிப்பதில்லை. முறுக்கும் பிஸ்கட்டும் அலமாரியில் இருக்கும்வரை ‘எடுக்காதே’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அவற்றை வாங்கி வராவிட்டால் அந்தச் சண்டையே இல்லை. இரவு பதினொரு மணி வரை கூடத்தில் தொடர் ஓடினால் பிள்ளை ஒன்பது மணிக்கு எப்படித் தூங்குவான்? தூக்கம் குறைந்தால் பசி கூடும். கைபேசியைக் காட்டிச் சோறூட்டி வளர்த்த குழந்தைக்கு வயிறு நிறைவது தெரியாமலே போகிறது. அந்தக் கைபேசியைச் சாப்பாட்டு நேரத்தில் முதலில் கீழே வைக்க வேண்டியவர்கள் பெரியவர்கள்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எடையைக் குறைக்க வேண்டிய அவசியமே இல்லை. எடை ஏறாமல் நின்றாலே போதும். உயரம் கூடக்கூட உடல் சரியாகிவிடும். ஆகவே பட்டினியும் வேண்டாம், மிரட்டலும் வேண்டாம். கல்யாண வீடுகளில் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி ‘குண்டு’ என்று கூப்பிடுவதையும் உறவினர்கள் நிறுத்த வேண்டும். அந்தச் சொல் எந்தக் குழந்தையையும் மைதானத்துக்கு அனுப்பியதில்லை, அறைக்குள்தான் அடைத்திருக்கிறது.

பாட்டிகளிடம் இதைப் பேசுவதற்குப் பொறுமை வேண்டும். ரேஷன் வரிசையில் நின்று பஞ்சத்தைக் கண்ட தலைமுறை அது. கொழுகொழுவென்ற குழந்தை அவர்களுக்கு வறுமையை வென்றதன் அடையாளம். அந்த அன்பைக் குறை சொல்லாமல், இன்னொரு கவளத்துக்குப் பதில் ஒரு கொய்யாப்பழத்தை அந்தக் கையில் கொடுத்துவிட முடியும்.

‘குடும்பம்’ என்று சொல்லிவிட்டு அம்மாவின் தலையில் எல்லாவற்றையும் கட்டுவார்கள் என்ற அச்சம் நமக்கும் இருக்கிறது. மருத்துவமனைக்குப் பிள்ளையை அழைத்து வருபவர் அம்மா, திட்டு வாங்குபவரும் அம்மா. இரவில் பொட்டலம் வாங்கி வரும் அப்பா அந்த அறையிலேயே இருப்பதில்லை. திருப்பூரில் இருவரும் ஷிப்டு பார்த்து இரவு வீடு திரும்பும் தம்பதியிடம் ‘கீரை ஆய்ந்து சமையுங்கள்’ என்று அறிவுரை சொல்வது கொடுமை. ஓடி விளையாட இடமில்லாத குடியிருப்பில் இருப்பவர்களிடம் ‘தினம் ஒரு மணி நேரம் விளையாட விடுங்கள்’ என்று உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைப் படித்துக் காட்டுவதாலும் பயனில்லை. வீடு மாற வேண்டுமானால் வீட்டுக்கு வெளியிலும் சில மாற வேண்டும்.

பள்ளியையும் அதன் வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவையும் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தின்பண்டங்களிலிருந்து காக்க 2020-ஆம் ஆண்டே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்துவிட்டது. அது காகிதத்தில் இருந்தால் போதாது. விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் தாரை வார்ப்பதை நிறுத்த வேண்டும். மாலையில் பூட்டிக் கிடக்கும் அரசுப் பள்ளி மைதானங்களை அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குத் திறந்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், குடும்பங்களுக்கான பயிற்சி. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 3 முதல் 12 மாதங்களுக்குள் குறைந்தது 26 மணி நேரம் குடும்பத்தை நேரில் சந்தித்துப் பயிற்சி தரச் சொல்கிறது. கூட்டம் நிரம்பிய புறநோயாளிப் பிரிவில் ஒரு டாக்டரால் இது ஆகாது. ஆனால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள், ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை கொடுக்க ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். தாத்தாவுக்கு மாத்திரை தரும் அதே வீட்டில் பேரனின் உயரத்தையும் எடையையும் கேட்டறிந்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழிகாட்ட அவர்களால் முடியும். கூடுதல் ஊதியமும் முறையான பயிற்சியும் கொடுத்து இந்த வேலையை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். பத்துக் குடும்பங்களை ஒரு குழுவாகச் சேர்த்து வாரம் ஒரு மணி நேரம் சந்தித்தால் ஆறு மாதத்தில் 26 மணி நேரம் நிறைந்துவிடும். மாவட்டத்துக்குச் சில சுகாதார நிலையங்களிலாவது வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம். அந்தக் கூட்டங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் வைக்கட்டும். அப்பாக்கள் வராமலிருக்கக் காரணம் சொல்ல முடியாது.