சொல்தா தாத்தாவை எப்படி நினைப்பது?

(பத்தாம் வகுப்பு மாணவி)

வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ‘சொல்தா வீடு எது?’ என்று கேட்டால் சிறு குழந்தையும் கை காட்டும். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவரின் வீட்டுக்கு ஊரார் வைத்த பெயர் அது. சிப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் நம் நாவில் ‘சொல்தா’ ஆயிற்று. அந்த வீட்டைப் பற்றி ஊரார் பேசுவதெல்லாம் இரண்டே விஷயங்கள்தாம். ஒன்று பென்ஷன், மற்றொன்று பாஸ்போர்ட். அந்தப் பென்ஷனுக்கு அம்மனிதர் கொடுத்த விலை என்ன என்று கேட்பவர் மிகக் குறைவு.

வேறு விதமாகக் கேட்பவர்களும் உண்டு. “அந்நியனுக்காகத் துப்பாக்கி தூக்கியவருக்கு எதற்கு மரியாதை?” என்பார்கள். என் தாத்தாவும் ஒரு சொல்தாவே. ஆகையால் இக்கேள்வியைக் கேட்டும் கேளாதவள் போல் போக என்னால் இயலாது. என் சிற்றறிவுக்கு எட்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். புதுச்சேரி அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தபோது, 1940இல் புதுச்சேரி ஜெனரல் தெகோலின் பக்கம் சேர்ந்தது. அந்தப் போர் முடிந்ததும் இந்தோசீனாவில், அதாவது இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா நாடுகளில், 1946இல் மற்றொரு போர் மூண்டது. வியட்நாம் மக்கள் தம் விடுதலைக்காகப் போராடினார்கள். அவர்களை எதிர்த்துப் பிரெஞ்சுக் கொடியின் கீழ் நின்றவர்களுள் மொராக்கோ, அல்ஜீரியா, செனெகல் நாட்டுச் சிப்பாய்களோடு நம் புதுச்சேரித் தமிழரும் இருந்தனர்.

1954 மே 7ஆம் நாள் தியன் பியன் பூ கோட்டை வீழ்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 18இல் நம் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். அவர்களில் 170 பேர் இந்தியாவோடு இணையவே விரும்பினார்கள். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. கடலுக்கு அப்பால் ஒரு கொடிக்காக மகன் உயிரைப் பணயம் வைத்து நிற்கிறான். அவன் பிறந்த ஊரிலோ அதே கொடி இறங்குகிறது! இதைவிட விசித்திரமான நிலை வேறு யாருக்கு வந்திருக்கும்?

என் தாத்தா 1952இல், பத்தொன்பது வயதில், படையில் சேர்ந்தார். பாகூரில் அவர் குடும்பத்துக்கு இருந்தது அரைக் காணி நிலம், அதுவும் அடமானத்தில். கலியாணத்துக்கு இரண்டு தங்கைகள் காத்திருந்தார்கள். அவரை அழைத்தது கொடியன்று, வறுமையே. போர்க் கதை சொல்லும்படி நாங்கள் நச்சரிக்கும்போதெல்லாம் அவர் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: “அங்க வயலப் பாத்தா நம்ம பாகூர் மாதிரியே இருந்தது கண்ணு. நாத்து நட்டுக்கிட்டிருந்த கிழவி எங்க அம்மா மாதிரியே இருந்தா.” அதற்கு மேல் பேச மாட்டார். வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார்.

1962 ஆகஸ்டு 16இல் புதுச்சேரி சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதிக் கேட்கலாம் என்று ஒப்பந்தம் இடம் கொடுத்தது. படையில் இருந்த பலரைப் போலத் தாத்தாவும் அப்படியே செய்தார். தாளில் அவர் பிரெஞ்சுக்காரர்; ஆனால் ஓய்வு பெற்றுத் திரும்பி வந்து உழுதது பாகூர் மண்ணை. பாட்டி ஆறு ஆண்டுகள் படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது, துப்பாக்கி பிடித்த கைகளாலேயே அவருக்குத் தலைவாரிப் பின்னல் போட்டுவிட்டார். கஞ்சியை ஆற்றி ஊட்டினார். யாரையும் கிட்டே விடவில்லை. அதற்கு எந்த அரசும் அவருக்குப் பதக்கம் தரவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் தாத்தாவும் காலமாகிவிட்டார்.

தோழியரே, இத்தகைய ஒருவரை எப்படி நினைப்பது? ‘மாவீரர்’ என்று மாலை போட்டுவிட்டால் வியட்நாம் வயலில் நின்ற அந்தக் கிழவியை நாம் மறந்தவர்கள் ஆவோம். ‘கூலிக்குப் போனவர்’ என்று ஒதுக்கினால் அடமானத்தில் இருந்த அரைக் காணியை மறந்தவர்கள் ஆவோம். இரண்டும் பாதி உண்மைகள். போருக்குச் செய்யும் மரியாதை வேறு. மனிதருக்குச் செய்யும் மரியாதை வேறு. போர் நியாயமா என்று வரலாறு கேட்கட்டும், நாமும் கேட்போம். ஆனால் அதில் அகப்பட்ட ஏழை மகனின் வாழ்வை மறந்துவிட அக்கேள்வி நமக்கு உரிமை தருவதில்லை.

நம் நாடு இதை முன்பே உணர்ந்திருக்கிறது. டில்லியில் 1931இல் திறக்கப்பட்ட இந்தியா கேட்டில் ஆங்கிலேயர் கொடியின் கீழ் மாண்ட இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சுதந்திர இந்தியா அவற்றை அழிக்கவில்லை. நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலும் பாருங்கள். அங்கே காந்தியடிகளின் சிலை நிற்கிறது. அதே சாலையில் முதல் உலகப் போரில் மாண்ட பிரெஞ்சிந்தியச் சிப்பாய்களின் நினைவுச் சின்னமும் நிற்கிறது. இரண்டும் ஒரே கடற்காற்றைத்தான் வாங்குகின்றன.

ஆனால் கல்லில் பெயரைப் பொறிக்கலாம். வாழ்க்கையைப் பொறிக்க முடியாது. இந்தோசீனாவுக்குச் சென்றவர்களில் இன்று எஞ்சியிருப்பவர்கள் தொண்ணூறு வயதை ஒட்டியவர்கள். சொல்தா வீட்டுப் பிள்ளைகளான நமக்கு மிஞ்சியிருப்பது சில மாதங்களோ சில ஆண்டுகளோ தான். சுவரில் தொங்கும் படத்தில் தாத்தாவின் பக்கத்தில் நிற்பவர் யார்? எந்த ஊரில் எடுத்தது? கடிதத்துக்காக மாதக் கணக்கில் காத்திருந்த பாட்டி குடும்பத்தை எப்படி நடத்தினார்? இவற்றைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் சொல்லாமல் விடும் இடத்தில் வற்புறுத்தாதீர்கள்; அந்த மௌனத்தையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் அவர்கள் சொல்லும் சாட்சியே.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பென்ஷன் புத்தகத்தைப் பத்திரப்படுத்துவது போலவே அந்தப் பழைய கடிதங்களையும் பத்திரப்படுத்துங்கள். நம் முன்னோரைக் கூட்டியும் சொல்லாமல், குறைத்தும் சொல்லாமல், உள்ளபடியே நினைவில் வைப்போமாக!