முகம் சாவியாகும்போது

டோம்பிவிலியிலிருந்து காலையில் மும்பை நோக்கிப் புறப்படும் விரைவு லோக்கலில் இரு கைகளையும் அசைக்கும் வசதி யாருக்கும் வாய்ப்பதில்லை. கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யாமல் முகத்தைக் காட்டியவுடன் திறக்கும் கைபேசி அங்கே பெரும் வசதியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆதார், ரேஷன் அட்டை, பி.எஃப். கணக்கு, வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் சான்றிதழ் என்று ஒரு தொழிலாளியின் வாழ்க்கையே இன்று அந்தக் கருவிக்குள் இருக்கிறது. எம்.ஐ.டி.சி. ஆலைகளில் ஒப்பந்தக் கூலிக்கு உழைப்பவரின் கைபேசியில் இன்னும் சில கோப்புகள் இருக்கும்: வருகைப் பதிவேட்டின் படம், ஓவர்டைம் கணக்கு, சங்கத்திற்கு எழுதிய புகார். டோம்பிவிலியில் 2024 மே 23 அன்று அமுதன் கெமிக்கல்ஸ் ஆலையில் நேர்ந்த வெடிப்பில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும்போது, ஆலையில் வேலை செய்ததற்கே ஆதாரம் கேட்கப்படும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தப் படங்கள்தாம் சாட்சி.

எனவே கோப்புகளைப் பூட்டி வைப்பது அவசியம். முகத்தால் பூட்டலாமா என்பதே கேள்வி.

முகத்திலிருந்து சாவி உருவாவதாகப் பலரும் எண்ணுகின்றனர். அது தவறு. ஒரே முகம் காலையில் ஒரு விதமாகவும் மாலையில் வேறு விதமாகவும் கேமராவில் பதிகிறது. ஒளி மாறினாலும் தாடி வளர்ந்தாலும் கணக்கு மாறும். குறியாக்கத்திற்கோ ஓர் இலக்கம்கூடப் பிசகாத நீண்ட எண் வேண்டும். அந்த எண் கைபேசியின் பாதுகாப்புச் சில்லுக்குள் இருக்கிறது. காட்டிய முகம் பதிவான முகத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போனால் சில்லு அதை விடுவிக்கிறது. முகம் இங்கே வாயிற்காவலன் மட்டுமே. கைபேசியை அணைத்து மீண்டும் இயக்கினால் முதலில் கடவுச்சொல்லைத்தான் அது கேட்கும்; உண்மையான பூட்டு அதுவே.

இந்தக் காவலனின் திறமையும் விலையைப் பொறுத்தது. ஆப்பிள் கைபேசி முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி முகத்தின் மேடு பள்ளங்களை அளக்கிறது. தொழிலாளி வாங்கும் மலிவான கைபேசிகள் பலவற்றில் இருப்பது முன்பக்கக் கேமரா மட்டுமே. நெதர்லாந்தின் நுகர்வோர் சங்கம் 110 கைபேசிகளைச் சோதித்து 2019இல் வெளியிட்ட முடிவின்படி, 42 கைபேசிகள் உரிமையாளரின் புகைப்படத்தைக் காட்டியதற்கே திறந்துகொண்டன. பாதுகாப்பும் வர்க்கத்தின்படியே கிடைக்கிறது!

ஆயினும் திருடனைவிட முதன்மையான கேள்வி அரசைப் பற்றியது. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கெதிராகவே சாட்சியாகும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20(3)ஆவது பிரிவு. ஆனால் பம்பாய் மாநிலம் எதிர் காத்தி காலு ஓகத் வழக்கில் 1961இல் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் அமர்வு ஒரு கோடு கிழித்தது. கைரேகை, கையெழுத்து மாதிரி போன்றவை உடல்சார்ந்த தடயங்கள். அவற்றைப் பெறுவது சாட்சியாக்குவது ஆகாது என்றது. கைபேசியே இல்லாத காலத்துத் தீர்ப்பு அது. அதன் நிழல் இன்று நம் சட்டைப் பைவரை நீண்டிருக்கிறது. 2022 அக்டோபரில் தில்லியின் சிபிஐ சிறப்பு நீதிமன்றம், கடவுச்சொல்லைச் சொல்லும்படி வற்புறுத்த முடியாது, உயிரியல் அடையாளங்களைப் பெறலாம் என்று முடிவு செய்தது. கடவுச்சொல்லுக்கும் அத்தகைய காப்பு இல்லை என்பது 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கொண்ட கருத்து. இந்த முரண் தீரும்வரை, மனத்தில் இருப்பதற்கு ஓரளவேனும் காப்பு உண்டு. முகத்தில் இருப்பதற்கு அதுவும் இல்லை. போதாக்குறைக்கு, 2022ஆம் ஆண்டின் குற்ற நடைமுறை அடையாளச் சட்டம், கைதாவோரின் புகைப்படம், கருவிழிப் பதிவு உள்ளிட்டவற்றைச் சேகரித்து 75 ஆண்டுகள் வைத்திருக்க அனுமதிக்கிறது.

இது வெறும் சட்ட நுணுக்கமன்று. 2023 அக்டோபர் 3 அன்று நியூஸ்கிளிக் தொடர்பான சோதனைகளில் பத்திரிகையாளர்களின் கைபேசிகளையும் மடிக்கணினிகளையும் தில்லி போலீஸ் அள்ளிச் சென்றது. திருச்சி மண்ணில் பிறந்து ஆதிவாசிகளுக்காக உழைத்த ஸ்டான் சுவாமி, தலோஜா சிறையிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு 2021 ஜூலை 5 அன்று மும்பையில் மடிந்தார். அவரது கணினியில் கோப்புகள் வெளியிலிருந்து புகுத்தப்பட்டன என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல் கன்சல்டிங் 2022 டிசம்பரில் அறிக்கை அளித்தது. கருவிக்குள்ளேயே ஊடுருவியவனுக்கு எந்தப் பூட்டும் தடையன்று என்பதையும் தோழர்கள் மறக்கலாகாது.

கருவிகளைப் பறிமுதல் செய்வதற்கு நெறிமுறைகள் தேவை என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசிடம் கூறியது. நாடாளுமன்றம் அதே ஆண்டு நிறைவேற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கே வழங்குகிறது. இன்னொரு பக்கம், 2025 ஜூலை முதல் அங்கன்வாடியில் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவைப் பெற கர்ப்பிணிகள் முகம் காட்ட வேண்டியுள்ளது. உணவுக்கும் முகம், கோப்புக்கும் முகம்! ஓரிடத்தில் கசிந்தால் கடவுச்சொல்லை மாற்றலாம். முகத்தை எங்கே போய் மாற்றுவது? 2024 மே மாதத்தில் தமிழ்நாடு காவல்துறையின் முகமறிதல் தளத்திற்குள்ளேயே அத்துமீறி நுழைய முடிந்திருக்கிறது.

நீதிமன்ற ஆணையின்றிக் கருவிகளைத் திறக்கக் கூடாது. ஒருவரின் முகத்தையோ விரலையோ கட்டாயமாகப் பயன்படுத்தித் திறப்பதும் 20(3)ஆவது பிரிவின் காப்புக்குள் வரவேண்டும். இதற்குச் சட்டமியற்றக் கோரும் இயக்கத்தைத் தொழிற்சங்கங்கள் பத்திரிகையாளர்களோடும் வழக்கறிஞர்களோடும் சேர்ந்து நடத்த வேண்டும். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலையும் புகார் கோப்புகளையும் கைபேசியில் வைத்திருக்கும் தோழர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. முகத் திறப்பை நீக்கிவிட்டு, நான்கு இலக்கத்திற்குப் பதில் நீண்ட கடவுச்சொல்லை இன்றே வைக்கலாம். லோக்கலில் கூட்டம் குறைந்திருக்கும் திரும்பும் பயணத்தில் அதற்குச் சில நிமிடங்கள் போதும்.