கடற்கரையும் யோகமும்

மனித உடல் ஐம்பூதங்களால் ஆயது என்பர் நம் முன்னோர். அவ்வைந்தும் ஒருங்கே விளங்கித் தோன்றும் இடம் கடற்கரையாகும். காலடியில் மண், கண்ணெதிரே நீர், கீழ்வானில் எழுகின்ற ஞாயிறாகிய தீ, ஓயாது வீசும் காற்று, இவையனைத்தையும் கவிந்து நிற்கும் வான். ஆதலின், உள்ளத்தை ஒருநிலைப்படுத்த விரும்புவோர் கடற்கரையை நாடுதல் இயல்பேயாம்.

புதுவைக் கடற்கரைக்கும் யோகத்திற்கும் உள்ள தொடர்பு பெரிது. 1910-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 4-ஆம் நாள் புதுவைக்கு வந்த அரவிந்தர், தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதி முழுவதையும் இந்நகரிலேயே யோக நெறியிற் செலுத்தினார். ஐக்கிய நாடுகள் அவை, சூன் 21-ஆம் நாளைப் பன்னாட்டு யோக நாளாக 2014-ஆம் ஆண்டில் அறிவித்தது. இன்று பலர் வைகறையிற் கடற்கரை மணலில் அமர்ந்து ஆதனங்களைப் பயில்கின்றனர். இது வரவேற்கத்தக்கதே. அலையோசையோடு இயைந்து மூச்சு சீர்ப்படும். அலைந்து திரியும் மனம் சிறிது அடங்கும்.

எனினும், ஆதனமும் மூச்சுப் பயிற்சியுமே யோகம் எனக் கருதுதல் பொருந்தாது. யோகத்தின் உறுப்புகள் எட்டு. அவற்றுள் முதலில் நிற்பது இயமம்; ஆதனம் மூன்றாவதாகவே வருகின்றது. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இம்முறையிலேயே யோகத்தை விளக்குகின்றார். இயமம் என்பது தீயன செய்யாது தன்னை அடக்குதல். கொல்லாமை, பொய்யாமை, களவு செய்யாமை முதலியன அதன்பாற்படும். பிறர்க்கும் பிற உயிர்க்கும் தீங்கு செய்யாதவனே யோகத்தின் முதற்படியில் கால் வைத்தவன் ஆவான். இயற்கையோடு ஒன்றுதல் என்பதும் அத்தகையதே. கண்ணை மூடி அமர்வதோடு அது முடிவதில்லை. கண்ணைத் திறந்து சூழ்ந்துள்ளவற்றை உணர்தலும் வேண்டும்.

அவ்வாறு கண் திறந்து நோக்குவார்க்குப் பிள்ளைச்சாவடி ஒரு பாடமாக அமைந்துள்ளது. புதுவைக்கு வடக்கே, காலாப்பட்டுக்கு அருகில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள மீனவர் ஊர் அது. அங்கே அமர்ந்து யோகம் பயிலுதற்குரிய மணற்பரப்பே தேய்ந்து வருகின்றது. படகை ஏற்றி நிறுத்தவும், வலையை உலர்த்தவும், மீனைக் காயவைக்கவும் பயன்பட்ட கரையைக் கடல் விழுங்குகின்றது. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் மாண்டஸ் புயல் வீசியபோது, அவ்வூரில் வீடுகள் சில அலைகளால் இடிந்து வீழ்ந்தன.

இதற்குக் காரணம் யாது? கடற்கரை மணல் நிலையாக ஓரிடத்திற் கிடப்பதன்று. தென்மேற்குப் பருவக்காலத்தில் அலைகள் அதனைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு செல்லும். வடகிழக்குப் பருவக்காலத்தில் மீண்டும் தெற்கே கொணரும். இவ்விரண்டனுள் வடக்கே செல்லும் அளவே மிகுதி. 1980-களின் இறுதியில், அரியாங்குப்பத்து ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்திற்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. அவை மணலின் செலவை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே கரை மெலிந்தது. நகரைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டபோது, அரிப்பு அடுத்தடுத்த ஊர்களை நோக்கி நகர்ந்தது. ஓரூரைக் காக்கும் கல், அதன் வடபால் உள்ள ஊருக்குக் கேடாய் முடிதல் உண்டு. ஒருவர் நலன் மட்டும் கருதிச் செய்யும் செயல் மற்றவரை எங்ஙனம் தாக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

துறைமுகமே வேண்டா என்பது இதன் கருத்தன்று. மீன்பிடித் தொழிலுக்கும் வணிகத்திற்கும் அது வேண்டுவதே. ஆயின், மறிக்கப்பட்ட மணலை வடகரைக்குச் சேர்ப்பிக்கும் கடமையும் அதனோடு உடன்பிறந்தது. அக்கடமையில் நேர்ந்த தளர்ச்சியே கரையைத் தேய்த்தது. கெட்டதைத் திருத்தல் இயலாததுமன்று. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் புதுவை நகரின் கடலினுள் நீருக்கடியில் அமைத்த செயற்கைத் திட்டினால், 2018-ஆம் ஆண்டுக்குப் பின் அங்கே மணற்பரப்பு மீண்டும் தோன்றிற்று. நகர மக்கள் உலாவும் கரைக்குக் கிடைத்த கருத்து, மீனவர் குடியிருக்கும் கரைக்கும் கிடைத்தல் நீதியாகும்.

இயற்கையோடு ஒன்றி வாழ்தலை மீனவரிடமும் கற்கலாம். காற்றின் திசை, நீரோட்டத்தின் போக்கு, வானத்தின் நிறம் ஆகியவற்றை அவர் கூர்ந்து நோக்குகின்றனர். சிறிது கவனம் பிறழினும் உயிருக்கு ஊறு நேரும். மனத்தை ஒன்றில் நிறுத்தும் பயிற்சியை யோகம் பயில்வோர் நாளும் ஒரு நாழிகை செய்கின்றனர். கடலோடிகள் அதனைத் தம் தொழில் முழுவதும் செய்கின்றனர்.

ஆகவே, கடற்கரையில் யோகம் பயில்வோர்க்குச் சில கடமைகள் உள்ளன. கொண்டு சென்ற நெகிழிப் பொருள்களை அங்கே எறிதல் கூடாது. மணலைப் பற்றிக் காக்கும் அடம்பங்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் மிதித்து அழித்தலாகாது. ஆண்டின் தொடக்கத்தில் முட்டையிட வரும் கடலாமைகளை விளக்கொளியாலும் ஆரவாரத்தாலும் கலைத்தலாகாது. கரையிழந்து வருந்தும் மீனவர் குரலுக்குத் துணை நிற்றலும் வேண்டும்.

இவையே கடற்கரை யோகத்தின் இயமம். இவற்றைக் கைக்கொள்ளாது ஆதனம் மட்டும் பயில்பவன், அடித்தளம் இன்றி மாடம் கட்டுபவனை ஒப்பான். தான் அமர்ந்துள்ள மணல் யாருடைய வாழ்வு என்பதை அறிந்து அமர்பவனுக்கே, அங்கே கிட்டும் அமைதி உரியதாகும். இளமையிலேயே மாணவர் இதனை உணர்ந்து ஒழுகுவாராக.