கடிகாரமும் கவளமும்

தேகப் பயிற்சியில் ஊக்கங்கொண்ட வாலிபர்களிடம் ஒரு விசித்திரமான அவசரத்தைக் காண்கிறோம். பளுவைக் கீழே வைத்த அரைமணிக்குள் புரதச் சத்தை உட்கொள்ளாவிடில், பட்ட பாடெல்லாம் பாழென்று அவர்கள் பதறுகிறார்கள். இதற்கு ஆதாரம் உண்டா?

2013-ஆம் வருஷத்தில் ஆஸ்திரேலியப் பரிசோதனை ஒன்று வெளியாயிற்று. பயிற்சி முடித்த வாலிபர்களுக்கு, 12 மணி நேரத்தில் 80 கிராம் புரதம் அளித்தார்கள். சிலருக்கு ஒன்றரை மணிக்கொரு தரம் 10 கிராம். சிலருக்கு மூன்று மணிக்கொரு தரம் 20. மற்றவர்க்கு ஆறு மணிக்கொரு தரம் 40. இடைப்பட்ட வழியே தசையில் புதுப் புரதம் உண்டாவதற்கு மிகவும் உகந்ததாயிருந்தது.

எனினும், 2023-இல் நெதர்லாந்திலுள்ள மாஸ்ட்ரிக்ட் சர்வகலாசாலையார் கண்டது வேறு. ஒரே வேளையில் உட்கொண்ட 100 கிராம், 25 கிராமைவிட அதிகப் பயன் தந்தது. அப்பயன் 12 மணிக்கு மேலும் நீடித்தது. முன்னது திரிந்த பாலின் தெளிநீரில் உள்ள புரதம், விரைவில் ஜீரணமாவது. பின்னது முழுப்பாலின் புரதம், மெல்ல ஜீரணமாவது.

இவையெல்லாம் சில மணி நேரத்துக் கணக்கு. பல வாரப் பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த அறிஞர்கள், நாள் முழுவதும் உண்ணும் மொத்த அளவே பிரதானம் என்றும், நேரத்தின் மகிமை சொற்பமே என்றும் 2013-இல் கண்டார்கள். பளுப் பயிற்சி செய்வோருக்கு, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் போதும். அதற்கு மேல் தசை வளர்ச்சி அதிகப்படுவதாகத் தெரியவில்லை என்பது 2018-இல் வெளிவந்த முடிவு.

ஆகவே வாலிபர்கள் பதற வேண்டுவதில்லை. வேளையின் அளவைக் கவனிக்க வேண்டியவர்கள் வீட்டுப் பெரியவர்களே. வயது முதிர முதிர, தசை சிறிய கவளத்துக்கு இணங்குவதில்லை. ஒரு வேளைக்கு, வாலிபருக்குக் கிலோவுக்கு 0.24 கிராம் போதுமெனில், முதியவருக்கு 0.40 கிராம் வேண்டுமென்று 2015-இல் கணித்தார்கள். 50 கிலோ எடையுள்ள பாட்டிக்கு அது 20 கிராம். பேரனுக்கோ அதே எடையில் 12 கிராம் போதும்!

நம் இல்லங்களில் நடப்பதென்ன? முட்டையும் பாலும் பருப்பும் பேரனுக்கு, ரசஞ்சாதம் பாட்டிக்கு. தசை தளர்ந்தால் நடை தளரும்; நடை தளர்ந்தால் வீழ்ச்சி நேரும். மூத்திரக் காய் நோயுள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டு அளவு கொள்க. ஏனையோர் இல்லங்களில், இன்றிரவே பாட்டியின் இலையில் இன்னொரு கரண்டி பருப்பு விழட்டும்.