ஆசிரியருக்கு ஆசிரியர் எங்கே?

1987 இல் 13ஆம் திருத்தம் தமிழையும் இலங்கையின் அரச கரும மொழியாக்கியது. பாடசாலையில் சிங்களப் பிள்ளைக்குத் தமிழும், நம் பிள்ளைக்குச் சிங்களமும் இரண்டாம் தேசிய மொழிகள். ஆயினும், பொலிஸ் நிலையத்தில் தமது முறைப்பாடு எவ்வாறு எழுதப்பட்டது என்பதை அறியாமலே கையொப்பமிடும் தாய்மார் இன்றும் நம்மிடையே உளர்.

பழியை ஆசிரியர் மீது சுமத்துவது எளிது. அவரைப் பயிற்றுவிப்பவர் யார்? இரு மொழிப் புலமையும் கற்பித்தல் முறையும் ஒருங்கே அமைந்த விரிவுரையாளர்கள் போதிய அளவில் இல்லாமல் ஆசிரியர்கள் எங்கிருந்து வருவர்? பல்கலைக்கழகங்களில் இதற்கென நிரந்தரப் பதவிகளை அரசே நிதி ஒதுக்கி உருவாக்க வேண்டும். கட்டடமென்றால் நம் செல்வந்தர் கட்டித் தருவர் (அதில் நமக்கு என்றுமே குறைவில்லை). அரச பதவியை அவர்களால் உருவாக்க இயலாது.

நபி (ஸல்) அவர்களின் கட்டளைப்படி ஸைத் பின் ஸாபித் (ரழி) அவர்கள் யூதர்களின் எழுத்தை அரை மாதத்தில் கற்றார்களே, குறுகிய காலச் செயலமர்வு போதாதா எனச் சிலர் வினவுகின்றனர். அவர்கள் கற்றது தாம் வாசிக்கவும் எழுதவும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் கற்பிப்பதற்கு அந்த அறிவிப்பு எப்படி ஆதாரமாகும்?

வரவுசெலவுத் திட்டக் காலத்தில் பள்ளிவாசல் வீதிக்குக் கொங்கிரீட் கேட்டு நம் பிரதிநிதிகளின் வாசலில் நிற்கிறோம். இதை ஏன் இன்னும் கேட்கவில்லை?